ஏர்ல் யங்கின் ஹை-ஹாட்டும் என் இடது காலும்

டிரம்ஸ் பழகுகிறவர்கள் டிஸ்கோ தாளத்தை ஒரே மாலையில் கடந்துவிடுவார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), இரண்டிலும் நாலிலும் ஸ்னேர் (கோலால் அடிக்கும், கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்), அவ்வளவுதான் என்பார்கள். நான் அதிலேயே தங்கிவிட்டேன். காரணம் ஏர்ல் யங்.

பிலடெல்பியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் வாசித்த டிரம்மர் அவர். ஹரால்ட் மெல்வின் அண்ட் த ப்ளூ நோட்ஸ் குழு 1973இல் பாடிய 'த லவ் ஐ லாஸ்ட்' பாட்டில் அவர் போட்ட தாளம்தான் பின்னால் வந்த டிஸ்கோவுக்கே அச்சாகிவிட்டது. பாட்டை எழுதிய கேம்பிளும் ஹஃபும் அதை மெதுவான பாட்டாகத்தான் முதலில் திட்டமிட்டார்கள். கைவிட்டுப் போன காதலை நினைத்துப் புலம்பும் வரிகள். கீழே ஆட வைக்கும் தாளம். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கின்றன என்பதைக் கை கால்களால் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

கிக்கும் ஸ்னேரும் சீக்கிரம் வந்துவிட்டன. வேலை முழுக்க ஹை-ஹாட்டில், அதாவது இடது கால் பெடலால் திறந்து மூடும் ஜோடித் தகடுகளில். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அது திறந்து 'ஸ்ஸ்' என்று ஒலித்து, அடுத்த அடியில் மூட வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்ததில் பிடிபடவில்லை. 'தகதிமி' சொல்லிக்கொண்டு வாசித்தபோது வழி திறந்தது. 'த'வில் இரண்டு கால்களும் சேர்ந்து இறங்கும்: வலது கால் கிக்கை அடிக்க, இடது கால் ஹை-ஹாட்டை மூடும். 'தி'யில் இடது கால் மட்டும் எழும். அந்த எழுச்சியில்தான் ஆட்டம் இருக்கிறது.

எவ்வளவு திறப்பது என்பது தனிப் பாடம். தகடுகளுக்கு நடுவே ஒரு நெல்மணி புகுகிற இடைவெளி போதும். அகலமாகத் திறந்தால் ஓசை சிதறி அடுத்த அடியை விழுங்கிவிடும். வீட்டில் இருக்கும் மின் டிரம்ஸில் இந்த நுணுக்கம் காதில் சரியாக விழாததால், வார இறுதிகளில் வாடகைக்கு ஒரு ஒத்திகை அறை எடுக்கிறேன். உண்மையான வெண்கலத் தகட்டில்தான் கால் கற்றுக்கொள்கிறது. 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 அடி) தொடங்கினேன். இப்போது 120ஐ ஒட்டி, கெண்டைக்கால் இறுகாமல் வாசிக்க முடிகிறது.

வேகம் கைக்கு வந்த பிறகுதான் பாடகரைக் கேட்கவே தொடங்கினேன். 'த லவ் ஐ லாஸ்ட்' பாடிய டெடி பெண்டர்கிராஸ், ப்ளூ நோட்ஸில் டிரம்மராக இருந்து முன்னணிப் பாடகர் ஆனவர். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஆல்பம் வடிவத்தின் பின்பாதியைக் கேளுங்கள். குழுவினர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, அவர் அதன் மேல் கெஞ்சுகிறார், குமுறுகிறார், தாளத்தை முந்துகிறார், பின்தங்குகிறார். டிரம்ஸ் நகர்வதே இல்லை. கீழே தாளம் அசையாமல் நிற்பதால்தான் அவரால் மேலே அப்படி உடைய முடிகிறது. வாசிக்கும்போது அவர் குரல் ஏறினால் என் கையும் பலமாக அடிக்கத் துடிக்கும். அதை அடக்கி வைப்பதுதான் இந்த இசையின் பெரிய ஒழுக்கம் என்று நினைக்கிறேன். டிஸ்கோவை எந்திர இசை என்று ஒதுக்குபவர்கள் இதை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து எடுத்தது 'டோன்ட் லீவ் மீ திஸ் வே'. 1975இல் ப்ளூ நோட்ஸ் பதிவுசெய்த பாட்டு. மறு ஆண்டு பாடகி தெல்மா ஹூஸ்டன் அதை மோடவுன் இசை நிறுவனத்துக்காகப் பாடினார். 1977இல் அவருடைய வடிவம் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் டிரம்ஸ் ஜேம்ஸ் கேட்ஸன். இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கிறேன். தெல்மா சரணத்தை மூச்சடக்கிய குரலில் பாடுகிறார். பல்லவி வந்ததும் கதவு உடைந்து திறக்கிறது. அங்கே டிரம்மரும் சரணம் முழுக்க ஒதுங்கியிருந்து, சரியான இடத்தில் மொத்தமாக இறங்க வேண்டும். எனக்கு ப்ளூ நோட்ஸ் வடிவம் கைக்கு எளிது, தெல்மாவுடையது மனசுக்கு நெருக்கம்.

ஏர்ல் யங் த ட்ராம்ப்ஸ் குழுவில் அடிக்குரலிலும் பாடியவர். அவர்களுடைய 'டிஸ்கோ இன்ஃபெர்னோ' முழு வடிவம் பத்து நிமிடத்துக்கு மேல். பாதிவரை கால் தாங்குகிறது. மீதிப் பாதிக்காக இப்போது காலையில் பெடல் பயிற்சி மட்டும் தனியாகச் செய்கிறேன்.