ஐஷேடோ பேலட்: காசு கொடுக்கும் முன்

விலை உயர்ந்த ஐஷேடோ பேலட் (கண்ணிமைக்குப் பூசும் பல நிறத் தூள்கள் அடங்கிய பெட்டி) வாங்க நினைப்பவர்கள் முதலில் பெட்டியின் பின்பக்கம் கிராமைப் பாருங்கள். அனஸ்தேசியா பெவர்லி ஹில்ஸ் நிறுவனத்தின் மாடர்ன் ரினைசன்ஸ் பேலட்டில் 14 நிறம், ஒவ்வொன்றும் 0.7 கிராம். இதை அளவுகோலாக வைத்து மற்றவற்றின் கிராம் விலையைக் கணக்குப் போடலாம்.

கடையில் விரலால் தொட்டால் எல்லா ஷிம்மரும் (மினுமினுப்பு நிறம்) ஜொலிக்கத்தான் செய்யும். விரலின் சூடும் எண்ணெயும் செய்கிற வேலை அது. தரம் தெரிவது மினுமினுப்பில்லாத மேட் நிறங்களில். பிரஷ்ஷால் எடுத்து, பிரைமர் (நிறத்துக்கு அடியில் பூசும் பூச்சு) போடாத முன்கையில் தடவி, ஓரத்தைப் பரப்பிப் பாருங்கள். திட்டுத்திட்டாக நின்றாலோ, இரண்டு நிறம் கலந்ததும் சேறு போல ஆனாலோ வேண்டாம். தூள் கொஞ்சம் பறப்பது குறையே இல்லை. மென்மையாக அழுத்திய மேட் அப்படித்தான் இருக்கும், பிரஷ்ஷைத் தட்டிவிட்டுப் போட்டால் சரி.

மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் இன்னொரு சோதனை கட்டாயம். வெளிர் மேட்கள் சாம்பல் பூத்தாற்போலத் தெரிகிறதா? நம் தோலைவிட ஒரு படி மட்டும் அடர்ந்த பழுப்பு ஒன்றாவது உள்ளதா? அது இல்லையென்றால் கண்மடிப்புக்குத் தனியாக வேறொன்று வாங்க வேண்டிவரும், எத்தனை ஆயிரம் கொடுத்தாலும்.

காந்த மூடி, கனமான கண்ணாடி எல்லாம் விலையில் சேர்ந்ததுதான். பெட்டியில் இருக்கும் திறந்த டப்பா படக்குறியில் 12எம் என்றிருந்தால் திறந்தபின் 12 மாதம் பயன்படுத்தலாம். அதற்குள் நாலு நிறம்தான் தொடுவீர்கள் என்றால் அந்த நாலையும் ஒற்றை ஒற்றையாக வாங்குங்கள்.