ஒரு கோட்டுக்கு ஐந்து மில்: டர்பனில் ஸ்கிப்பர் தேர்வுக்குப் படித்தபோது

"எத்தனை கோடுப்பா?" என்றார் மாமா. "ஒன்றரை" என்றேன். படகிலிருந்து பார்த்தபோது, என் பைனாகுலருக்குள் தெரியும் அளவுக்கோடுகளில் கரையிலிருந்த கலங்கரை விளக்கம் அத்தனை உயரம் பிடித்தது. தூரம் கண்டுபிடிக்க, அதன் 21 மீட்டர் உயரத்தை ஆயிரத்தால் பெருக்கி ஒன்றரையால் வகுத்தேன்: 14,000 மீட்டர். மாமா சிரித்துவிட்டார். உம்லாங்கா கலங்கரை விளக்கத்தின் சிவப்பு உச்சி வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. என் கணக்குப்படி நாங்களோ கிட்டத்தட்ட டர்பன் துறைமுக வாசலில் நிற்கிறோம்!

தென்னாப்பிரிக்காவில், கரையிலிருந்து 15 கடல் மைலுக்குள் படகோட்டும் சி பிரிவு உரிமத்துக்கு நான் படித்த நாட்கள் அவை. மாமாவுடையது கரைவலை இழுத்த குடும்பம். அவருக்குத் தூரம் கண்ணிலேயே இருக்கிறது, எனக்குத்தான் கணக்கு தேவைப்பட்டது.

என் 7x50 பைனாகுலரில் ஒரு கோடு என்பது ஒரு மில் அல்ல, 5 மில். (மில் என்பது கோண அளவு: ஆயிரம் மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மீட்டர் உயரம் ஒரு மில்.) ஒன்றரைக் கோடு என்றால் 7.5 மில். 21,000-ஐ 7.5-ஆல் வகுத்தால் 2,800 மீட்டர், ஒன்றரைக் கடல் மைல். உங்கள் கருவியில் ஒரு கோட்டின் மதிப்பு என்ன என்பதைக் கையேட்டில் பார்த்து, கழுத்துப்பட்டையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். நான் இன்றும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்த பொறி உயரம். சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், விளக்குக்குப் போட்டிருக்கும் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஒளி வரைக்கும். கோபுரத்தின் உயரம் வேறு. நீங்கள் கோடுகளுக்கு நடுவே அடியிலிருந்து நுனிவரை எதை அளந்தீர்களோ, அதன் உயரத்தைத்தான் போட வேண்டும். சின்னப் படகில் கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், மூன்று கடல் மைலுக்கு அப்பால் கரையோரக் கோபுரத்தின் அடி தொடுவானத்துக்குக் கீழே போகத் தொடங்கிவிடும். அடி தெரியாமல் அளந்தால் தூரம் கூடுதலாக வரும்.

அலையில் ஒரே அளவை நம்பாதீர்கள். படகு அலைமுகட்டில் ஏறும்போது மூன்று முறை பார்த்து, நடுவாக வருவதை எடுங்கள். 7.5-க்குப் பதில் 6.5 என்று படித்தாலே 400 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்.

காம்பஸில் நான் பணத்தை விட்டேன். ஐரோப்பாவிலிருந்து வந்த, உள்ளேயே காம்பஸ் வைத்த பழைய பைனாகுலரை மலிவு என்று வாங்கினேன். வட அரைக்கோளத்துக்குச் சமன்செய்த காம்பஸ் தட்டு இங்கே ஒரு பக்கம் சாய்ந்து உரசி நின்றுவிட்டது. விற்றவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. வாங்கும்போது தென் அரைக்கோளத்துக்கானதா என்று கேளுங்கள். கேட்டதோடு விடாமல், மட்டமாகப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி, தட்டு தடையின்றி ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

காம்பஸில் தெரியும் திசை எண் (பேரிங்) காந்த வடக்கை வைத்தது. டர்பன் பக்கம் காந்த விலக்கம், அதாவது உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம், ஏறத்தாழ 26 டிகிரி மேற்கு. 315 என்று காட்டினால் சார்ட்டில் உண்மை வடக்கை வைத்து 289 போட வேண்டும். விலக்கம் மேற்கு என்றால் கழிக்க வேண்டும். நான் இரண்டு முறை கூட்டித் தொலைத்தேன். சரியான எண்ணைச் சார்ட்டில் இருக்கும் திசைவட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு வருடம் மாறும்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்டதும் இதுதான்: "இந்த பேரிங்கை சார்ட்டில் போடு." பென்சிலை எடுக்கும் முன்பே, கழுத்துப்பட்டை இல்லாத கழுத்தைக் கை ஒருமுறை தடவிப் பார்த்தது.