வங்கி என்று பலகை மாட்டியவர்கள் மீது நாங்கள் கொடுத்த புகார்

பாபநாசம் பக்கம் எங்கள் ஊரில் பணம் போட்டவர்கள் பலர் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை குறுவை நெல் போட்டு வந்த பணத்தில் இரண்டு லட்சத்தைக் கடைத்தெருவில் இருந்த அந்த 'வங்கி'யில் எஃப்டி போட்டிருந்தார். ஏசி, கவுன்ட்டர், பாஸ்புக் எல்லாம் இருந்த இடம். யாருக்குச் சந்தேகம் வரும்? முதிர்வுத் தேதி வந்ததும் "சர்வர் வேலை செய்யல, அடுத்த வாரம் வாங்க" என்று இழுத்தடித்தார்கள். பாஸ்புக்கில் அச்சடித்திருந்த ஐஎஃப்எஸ்சி எண்ணைப் போனில் அடித்துப் பார்த்தேன், ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள வங்கிகள் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை. 1949-ம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, ரிசர்வ் வங்கி உரிமம் இல்லாமல் யாரும் வங்கி நடத்தக் கூடாது. முறையான வங்கி மூழ்கினால் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புத்தொகைக் காப்பீடாவது கிடைக்கும். இங்கே அதற்கும் வழியில்லை.

உள்ளூர் காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு, இது பொருளாதாரக் குற்றப்பிரிவு பார்க்க வேண்டிய வழக்கு என்று தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே எழுதி வாங்கிய பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பணத்தை யார் கையில் கொடுத்தீர்கள், எந்தத் தேதி, ரொக்கமா, எவ்வளவு வட்டி சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக. டெபாசிட் ரசீது (ஊரில் 'பாண்ட்' என்பது இதைத்தான்), பாஸ்புக், ஆதார் நகல்களோடு நாங்கள் கொண்டுபோன இன்னொரு காகிதம்தான் பெரிய பலமாக இருந்தது. அத்தையின் அரசு வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட். அங்கே பணம் எடுத்த அதே தேதியில் இங்கே டெபாசிட் விழுந்திருந்தது. ரொக்கமாகக் கொடுத்தவர்கள் இதைக் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

புகார் கொடுத்த செய்தி தெரிந்து, பணம் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். ஊர்ப் பையன்தான். "பெரியம்மா, கேஸ் போட்டா ஆபீஸப் பூட்டிருவாங்க, அப்புறம் ஒரு பைசா வராது. அசல் பாண்டக் குடுங்க, புதுசா மாத்தித் தர்றேன்" என்றார். அத்தை திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "பணத்த எண்ணி வச்சிட்டு பாண்ட எடுத்துட்டுப் போ தம்பி" என்றார். அசல் பாண்டைக் கொடுத்துவிட்டு இப்போது வெறுங்கையோடு நிற்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நினைத்தாலே வயிறு எரிகிறது.

முதல் தகவல் அறிக்கையில் மோசடிப் பிரிவுகளோடு, தமிழ்நாடு முதலீட்டாளர்கள் பாதுகாப்புச் சட்டம் 1997-ஐயும் சேர்த்தார்கள். டான்பிட் என்று சொல்கிறார்களே, அதுதான். 5-வது பிரிவில் 10 ஆண்டு வரை சிறை உண்டு. எங்களுக்கு அதைவிட முக்கியம் சொத்து முடக்கம். நடத்தியவர்கள் பெயரில் உள்ள நிலம், கட்டடம், வங்கிக் கணக்குகளை அரசாணை போட்டு முடக்கலாம். பிறகு சிறப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும். எங்கள் வழக்கு மதுரையில் இருக்கும் டான்பிட் நீதிமன்றத்தில் நடக்கிறது. சொத்துகளை ஏலம் விட்டு வரும் பணத்தைத்தான் பிரித்துக் கொடுப்பார்கள். ஆண்டுக்கணக்கில் இழுக்கும், போட்டது முழுசாக வரும் என்றும் யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பிரிப்பில் பங்கு கேட்க, பணம் போட்டவர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். "அவங்கதான் கேஸ் போட்டுட்டாங்களே, நமக்கும் சேர்த்து வரும்" என்று பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி வராது. வழக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தாலும் நீங்கள் தனியாகப் போய் உங்கள் தொகைக்குப் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவைப்படவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போட்ட பணம் என்று தயங்கும் அக்காமார்கள் சிலரோடு அடுத்த வாரம் நானும் அத்தையும் தஞ்சாவூர் போகிறோம். காகிதங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே போகலாம்.