4294967297

யூலை 2
இரண்டின் 32 ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டினால் இந்த எண். வலுவை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. இந்த ஐந்தும் முதன்மை (பகா) எண்கள் என்று கண்ட பிரெஞ்சுக் கணிதர் பேர்மா, இந்த வரிசையில் வருவதெல்லாம் முதன்மை எண்கள்தான் என்று நம்பி 1640இல் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்து வருவதே இந்தப் பத்திலக்க எண். 1732இல், 25 வயதுக் கணிதர் ஒய்லர் அதை 641ஆல் மீதியின்றி வகுத்துவிட்டார். ஈவு 6700417.

யூலை 3
யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ரியூட்டரியில் ஏ.எல் (உயர்தர) வகுப்பு. கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், ஒவ்வொண்டாப் பிரிச்சுப் பாத்தவரோ?”

“இல்லைப் பிள்ளை, சல்லடை போட்டவர்.”

p என்ற முதன்மை எண் இதை வகுக்குமென்றால், 2³²ஐ pஆல் வகுக்க மீதி −1 (ஒன்றைக் கூட்டினால் மீதியின்றி வகுபடும்). வர்க்கித்தால் 2⁶⁴இன் மீதி 1. 32இலேயே −1 வந்துவிட்டதால், 64க்கு முன் எந்த வலுவிலும் 1 வராது. 2இன் (p − 1) ஆம் வலுவின் மீதி எப்போதும் 1 என்பது ஒரு தேற்றம். ஆகவே p − 1, 64இன் மடங்கு. அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே பிடிபட்டுவிட்டது!

இதற்கு வேண்டிய தேற்றத்தை அதே 1640இல் கடிதத்தில் எழுதியவர் பேர்மாவேதான். தன் தேற்றத்தைத் தன் எண்ணில் அவர் ஏன் போட்டுப் பார்க்கவில்லை என்று இரவு முழுக்க யோசித்தேன்.

யூலை 5
வகுக்காமலேயே காட்டும் வழியை இன்று கரும்பலகையில் எழுதினேன். எனக்கு மிகப் பிடித்த நிறுவல் இதுதான்.

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

641ஆல் வகுக்கும்போது வரும் மீதியை மட்டும் பாருங்கள். முதல் வரியின்படி 5 × 2⁷இன் மீதி −1. நான்காம் வலுவுக்கு உயர்த்த, 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாம் வரியின்படி 5⁴க்குப் பதிலாக −2⁴ஐப் பிரதியிடலாம். அப்போது −2³²இன் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும். பத்து இலக்கங்களில் ஒன்றையும் தொடவில்லை. பிள்ளைகள் பேனையை வைத்துவிட்டு பலகையையே பார்த்தார்கள். “இன்னொருக்கா சொல்லுங்கோ சேர்” என்றார்கள். சொன்னேன்.

யூலை 9
இரண்டைக் கழித்தால் 4294967295. அது 3 × 5 × 17 × 257 × 65537. கவராயமும் அடிமட்டமும் கொண்டு வரையலாம் என்று இன்றுவரை தெரிந்த, ஒற்றை எண்ணிக்கைப் பக்கங்களுள்ள ஒழுங்கான பல்கோணிகளில் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். 17 பக்கத்துக்கு முடியும் என்று 1796இல் கண்டவர் ஜெர்மன் கணிதர் கவுஸ், அப்போது அவருக்கு 18 வயது, எங்கள் ஏ.எல் பிள்ளைகளின் வயது.

யூலை 12
1878இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா சல்லடையை இன்னும் நெருக்கினார்: காரணி 128இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருக்கவேண்டும். 129, 385, 513 முதன்மை எண்கள் அல்ல. 257 பேர்மாவின் வரிசையில் முன்னால் வந்த எண். இவ்வரிசையில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது, அதனால் அதுவும் போகும். முதலில் சோதிக்கவேண்டியதே 641!

அடுத்தது 2⁶⁴ + 1. அதற்கு 256இன் மடங்கோடு ஒன்று. பிரெஞ்சுக்காரரான லான்ட்ரி 1880இல் கண்ட காரணி 274177. 256ஆல் வகுத்துப் பாருங்கள்: ஈவு 1071, மீதி 1.