இலோகோஸ் நோர்த்தே: நன்றிக்கடனும் ஓட்டும்

பிலிப்பைன்ஸின் வடக்கே, இலோகோஸ் நோர்த்தே மாகாணத்தில், லவாக் நகரிலிருந்து பத்தாக் என்ற ஊருக்கு ஜீப்னி என்ற ஷேர் வண்டியில் போனால் வழியெல்லாம் பிளக்ஸ்தான். பட்டம் வாங்கிய பிள்ளைகளை வாழ்த்தும் பிளக்ஸில்கூட பிள்ளைகளைவிட அரசியல்வாதியின் முகம் பெரிதாக இருக்கிறது.

இது மார்கோஸ் குடும்பத்தின் சொந்த மண். 1986-ல் மணிலா மக்கள் தெருவில் திரண்டு விரட்டிய சர்வாதிகாரி ஃபெர்டினாண்ட் மார்கோஸின் உடல், 1993 முதல் 2016 வரை பத்தாக்கில்தான் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. 2022-ல் அவர் மகன் ஜனாதிபதி ஆனார். அப்போது அக்கா செனட்டர், அக்கா மகன் இந்த மாகாணத்தின் ஆளுநர். ஜனாதிபதியின் மகனும் அதே தேர்தலில் இங்கிருந்து காங்கிரஸுக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போனார்.

பத்தாக்கில் எம்பனாடா சாப்பிடாமல் வரக்கூடாது. ஆரஞ்சு நிற அரிசி மாவுக்குள் பப்பாளிக்காய்த் துருவல், முட்டை, லோங்கனிசா என்ற இறைச்சித் தொத்து (சாசேஜ்) வைத்து மடித்து, கொதிக்கும் எண்ணெயில் போடுகிறார்கள். தொட்டுக்கொள்ளக் கரும்பு வினிகர். கடைக்கார அம்மா பொரித்துக்கொண்டே தன் கணவரின் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரி பில்லோடு ஓர் அரசியல்வாதியின் அலுவலகத்தில் வரிசையில் நின்று உத்தரவாதக் கடிதம் வாங்கியிருக்கிறார். அதைக் கொடுத்ததும் பாக்கியில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. "அது அரசாங்கப் பணம்தானே அம்மா?" என்றேன். "தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. அதை மறந்தால் நான் என்ன மனுஷி?" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உதவியை மறப்பவரை இங்கே யாரும் மதிப்பதில்லை. கல்யாணத்துக்கு மேயர் ஞானத்தந்தையாக நிற்பார், சாவு வீட்டுக்கு அவர் பெயர் எழுதிய மலர்வளையம் வரும். அப்புறம் தேர்தலில் அவரை எதிர்த்து ஓட்டுப் போடுவது சொந்தக்காரருக்குத் துரோகம் செய்வதாகிவிடுகிறது. எனக்குக் கோபமெல்லாம், உரிமையாக வரவேண்டிய சிகிச்சையைச் சலுகையாகக் கொடுக்கிறார்களே என்பதில்தான்.

குடும்ப ஆட்சியைத் தடுக்க வேண்டும் என்று 1987 அரசியலமைப்பே சொல்கிறது. ஆனால் அதற்கான சட்டத்தைக் காங்கிரஸ்தான் இயற்ற வேண்டும். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் அரசியல் குடும்பத்துப் பிள்ளைகள். பல பத்தாண்டுகளாகியும் அந்தச் சட்டம் வரவில்லை. மேயருக்கு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து நிற்க முடியாது என்ற விதி உண்டு. சரி, அவருக்குப் பதில் மனைவி நிற்கிறார்.

மணிலாவை ஒட்டிய பாசிக் நகரில் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தெரிகிறது. 27 வருடம் ஒரே குடும்பம் ஆண்ட ஊர் அது. 2019-ல் விகோ சோட்டோ என்ற இளைஞர் அவர்களைத் தோற்கடித்தார். அவரும் பிரபலக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் நகராட்சித் திட்டங்களில் தன் பெயரும் படமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

2025 ஜூலையில் ஜனாதிபதி மார்கோஸ், சுகாதாரத் துறை ஆஸ்பத்திரிகளின் பொது வார்டில் நோயாளி பில் கட்டவே வேண்டாம் என்று அறிவித்தார். அது முழுதாக நடைமுறைக்கு வந்தால் அந்த அம்மா யாரிடமும் கடிதம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. குடும்ப ஆட்சித் தடைச் சட்டத்தைவிட அதுதான் இந்த ஊர்த் தேர்தலை அதிகம் மாற்றும் என்று நினைக்கிறேன்.