ரம்பச் சத்தம்: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 9, 2024, சனி

ஸ்வீடனின் மெட்டல் பேண்ட் ஓபெத்தின் புது ஆல்பத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள். முதலில் அக்டோபர் 11 என்றார்கள், அப்புறம் நவம்பர் 22க்குத் தள்ளினார்கள். ஆகஸ்டில் வந்த முதல் பாட்டிலேயே பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் மறுபடி டெத் மெட்டல் பாணியில் உறுமியிருந்தார். மேடையில் பழைய பாட்டுகளுக்கு அவர் உறுமியதுண்டு. ஆனால் அந்த பேண்டின் ஸ்டுடியோ ஆல்பத்தில் அந்தக் குரல் கடைசியாகக் கேட்டது 2008ல். அந்தப் பாட்டைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறொரு ஆல்பத்தின் நினைப்பாகவே இருக்கிறது: அவரே பாடிய இன்னொரு பேண்டான ப்ளட்பாத் 2002ல் வெளியிட்ட 'ரிசரெக்‌ஷன் த்ரூ கார்னேஜ்'.

இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் முழுதாகக் கேட்டேன். பத்துப் பாட்டு. ஓபெத்தில் பத்து நிமிடப் பாட்டுக்குள் உறுமல், மென்குரல், அக்கூஸ்டிக் கிட்டார் என்று மாறி மாறி வரும். உறுமல் முடிந்ததும் ஒரு நிழல் கிடைக்கும். இங்கே நிழலே கிடையாது. முதல் பாட்டில் வாயைத் திறந்தவர் பத்தாவது பாட்டு வரை அதே வெயிலில் நிற்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

யார் எதை வாசித்தார்கள் என்று இன்று மறுபடி பார்த்தேன். எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு குறைவதில்லை.

குரல் ஓகர்ஃபெல்ட். கிட்டார் அப்போது கேட்டடோனியா என்ற பேண்டில் இருந்த ஆண்டர்ஸ் நைஸ்ட்ரோம். பேஸ் வாசிப்பது யோனாஸ் ரெங்க்ஸே, அதாவது கேட்டடோனியாவின் பாடகர், அந்த பேண்டின் ஆரம்ப நாட்களில் டிரம்ஸும் அவர்தான். இங்கே டிரம்ஸில் உட்கார்ந்திருப்பவரோ டான் ஸ்வானோ. எட்ஜ் ஆஃப் சானிட்டி பேண்டின் பாடகராகவும், ஒலிப்பதிவாளராகவும் பேர் வாங்கியவர். டிரம்ஸ் தெரிந்தவர் பேஸ் எடுக்கிறார், பாடகர் டிரம்ஸுக்குப் போகிறார், ஓபெத்தில் கிட்டாரை விட்டு இறங்காதவர் இங்கே வெறுங்கையோடு மைக் முன்னால் நிற்கிறார்.

சைடு ப்ராஜெக்ட், அதாவது சொந்த பேண்டுக்கு வெளியே நடத்தும் பேண்ட் என்றால் மிச்சம் மீதியைக் கொட்டும் இடம் என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது சரியில்லை. பிழைப்புக்கான பேண்டில் ஒருவருக்கு ஒரு நாற்காலிதான். அந்த நாற்காலியை விட்டு எழுந்து, ஆசைப்பட்ட வாத்தியத்தை எடுத்து வாசிக்க ஒரு இடம் வேண்டும். ப்ளட்பாத் அப்படி ஒரு இடம்.

நவம்பர் 13, புதன்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. இந்த நால்வரும் திடீரென்று கூடியவர்கள் இல்லை. ஓபெத்தின் முதல் இரண்டு ஆல்பங்களையும் பதிவு செய்தவர் ஸ்வானோ. 1996ல் கேட்டடோனியா தன் இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்தபோது ரெங்க்ஸேயால் உறுமிப் பாட முடியாத நிலை. நண்பனுக்காக வந்து உறுமிக் கொடுத்தவர் ஓகர்ஃபெல்ட். அதே வருடம் எட்ஜ் ஆஃப் சானிட்டியின் நாற்பது நிமிட ஒற்றைப் பாட்டிலும் அவர் குரல் இருக்கிறது. 1998ல் ப்ளட்பாத் தொடங்கியபோது பெயர்தான் புதிது, கூட்டாளிகள் பழையவர்கள்.

நவம்பர் 16, சனி

இன்று முழுக்க கிட்டார்.

இந்த ஆல்பத்தின் கிட்டார் சத்தத்தை மரம் அறுக்கும் ரம்பத்தோடு ஒப்பிடாதவர்கள் இல்லை. அந்தச் சத்தம் இவர்கள் கண்டுபிடித்தது அல்ல. ஸ்டாக்ஹோமில் தோமஸ் ஸ்கூக்ஸ்பெரியின் சன்லைட் ஸ்டுடியோவில், 1990ல் என்டூம்ட், 1991ல் டிஸ்மெம்பர் என்ற பேண்டுகள் பதிவு செய்த முதல் ஆல்பங்களில் பிறந்தது. காரணம் பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்எம்-2 என்ற கறுப்பு நிற டிஸ்டார்ஷன் பெடல், கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் காலடிக் கருவி. 1983ல் வந்தது, 1991ல் உற்பத்தி நின்றது. எண்பதுகளின் ஹெவி மெட்டலுக்காகச் செய்த பெடல் அது. ஸ்வீடனின் இளைஞர்கள் அதன் நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருகி வைத்தார்கள். யாரும் கேட்காத சத்தம் அப்படி வந்தது.

என்னிடம் இருப்பது பழைய பெடல் இல்லை, பாஸ் நிறுவனமே பிற்காலத்தில் திரும்பக் கொண்டுவந்த வகை. நான்கையும் முழுக்கத் திருகினேன். முதலில் வெறும் இரைச்சல். பிறகுதான் புரிந்தது, இந்தப் பெடலை வைத்துக்கொண்டு மெதுவாகத் தொட்டு வாசிக்க முடியாது. வலது கை ஒரே சீராக, பலமாக இறங்க வேண்டும். கம்பியை அடக்காமல் விட்ட இடமெல்லாம் பெடல் ஊளையிடுகிறது. அடக்கினால் அடுத்த நொடி கத்தியால் வெட்டியதுபோல் மௌனம். 'சோ யூ டை' பாட்டின் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, காகிதத்தில் எழுதினால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். வாசித்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முன்கை கெட்டியாகிவிடுகிறது.

நவம்பர் 17, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். டிரம்ஸ் பழகிக்கொண்டிருக்கிறான், வேகம்தான் அவனுக்கு எல்லாம். இந்த ஆல்பத்தைப் போட்டதும், "என்னண்ணா, இவர் ரொம்ப சிம்பிளா வாசிக்கிறாரே?" என்றான்.

சிம்பிள்தான். பாதி இடங்களில் பங்க் இசையிலிருந்து வந்த டி-பீட், இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் பேண்டின் பெயரைச் சுமக்கும் தாளம். மீதியில் நடுத்தர வேகம், அவசியமான இடத்தில் மட்டும் பிளாஸ்ட் பீட் என்ற அதிவேகத் தாளம். 2002ல் டெத் மெட்டல் டிரம்ஸ் எங்கேயோ போயிருந்தது. நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிப் போட்டியிட்ட காலம். அந்த நேரத்தில் இப்படி வாசிக்க முடிவெடுத்தார்கள் என்றால் வேகம் வராததால் அல்ல, பாட்டுக்கு அது வேண்டாம் என்பதால்தான் என்று நான் நம்புகிறேன். ரிஃப் தலையாட்டச் சொல்கிறது, டிரம்ஸ் அதற்கு இடம் விடுகிறது.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. சரி, அவனே வாசித்துப் பார்க்கட்டும்.

நவம்பர் 20, புதன்

சமையலறையில் வேலையாக இருந்தபோது ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "தொண்டை புண்ணாகாதாப்பா அவனுக்கு?" என்றார். இந்த இசையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்ட நல்ல கேள்வி இது.

சரியாகச் செய்தால் ஆகாது என்றேன். தெரிந்தவரை விளக்கினேன். சத்தம் தொண்டையைக் கிழித்து வருவதில்லை. குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, பேச்சில் அதற்கு வேலை இல்லை. அதை அதிரவைத்து, வயிற்றிலிருந்து மூச்சைத் தாங்கிக்கொடுத்தால் இந்த உறுமல் கிடைக்கும். நினைப்பதைவிடக் குறைந்த காற்றே போதும். தெரியாமல் கத்துகிறவர்களுக்குத்தான் தொண்டை போகும்.

ஓகர்ஃபெல்டிடம் கூடுதலாக ஒன்று உண்டு. அவ்வளவு ஆழத்திலும் சொல் உடைவதில்லை. எங்கே சொல் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காதுக்குத் தெரிகிறது. வரிகளில் இருப்பது பிணமும் புழுவும் சவக்குழியும்தான், எனக்கு அவை பேய்க்கதை மாதிரி. அதில் யாரையும் வெறுக்கும் சொல் இல்லை. அம்மாவுக்கு வரிகளை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

ஓபெத் வந்துவிட்டது. காலையிலிருந்து இரண்டு முறை கேட்டேன். உறுமல் வரும் ஒவ்வொரு இடத்திலும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் இது கதை சொல்லும் ஆல்பம், குரல் ஒரு பாத்திரத்துக்காக உறுமுகிறது. ப்ளட்பாத்தில் அது உறுமலுக்காகவே உறுமியது. இரண்டும் எனக்கு வேண்டும்.

ப்ளட்பாத்தும் நிற்கவில்லை. ஓகர்ஃபெல்ட் விலகியதும் 2004 ஆல்பத்தில் பீட்டர் டேக்ட்கிரன் பாடினார். டிரம்ஸுக்கு மார்ட்டின் ஆக்சன்ரோட் வந்தார், ஸ்வானோ கிட்டாருக்கு மாறினார். ஆக்சன்ரோட் 2006ல் ஓபெத்துக்கே டிரம்மர் ஆனார். 2008ல் ஓகர்ஃபெல்ட் திரும்பி வந்து இன்னொரு முழு ஆல்பம். இன்று வந்ததற்கு முந்தைய ஓபெத்தின் கடைசி உறுமல் ஆல்பமும் அதே வருடம்தான். 2014லிருந்து நிக் ஹோம்ஸ் பாடுகிறார். எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். இருந்தாலும் கை போவது 2002க்குத்தான்.

நவம்பர் 30, சனி

தம்பி மறுபடி வந்தான். கடைசிப் பாட்டு 'க்ரை மை நேம்' எடுத்துக்கொண்டோம். வேகம் குறைந்தது, எளிது என்று அவனே தேர்ந்தெடுத்தான். நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் அவன் ரிஃப்பை முந்திக்கொண்டு ஓடினான். ஐந்தாவது முறை எதுவும் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். ஸ்னேர் டிரம்மின் அடி ஒவ்வொரு முறையும் நான் எதிர்பார்த்ததைவிட ஒரு மயிரிழை தாமதமாக விழுந்தது, என் கிட்டார் திடீரென்று இரண்டு மடங்கு கனத்தது. இருவரும் நிறுத்தவே இல்லை, மூன்று முறை சுற்றி வந்தோம்.

முடிந்ததும் குச்சியைக் கீழே வைக்காமலே, "இன்னொரு தடவைண்ணா" என்றான். அந்த நேரத்தில் என் ஆறாவது கம்பி அறுந்தது. இவ்வளவு தாழ்த்திச் சுருதி சேர்க்க அந்தக் கம்பி எப்படியும் மெலிதுதான். நாளை அவன் வருவதற்குள் தடித்த கம்பி போட்டு வைக்க வேண்டும்.