மூன்றாம் நம்பர் பெட்

செப்டம்பர் 9
நைட் முடிந்தது. மூன்றாம் நம்பர் பெட்காரரை ஐ.சி.யு.வுக்கு ஏற்றிவிட்டார்கள். பவானியில் இறங்க மறந்து உட்கார்ந்திருந்தேன், கண்டக்டர் சத்தம் போட்டார்.

செப்டம்பர் 10
மூச்சு ட்யூப் எடுக்கவில்லை.

செப்டம்பர் 12
கேஷுவாலிட்டி ஆட்களுக்குப் பயிற்சி. இந்த நேரம் பார்த்தா? கட்டிலில் பொம்மை. டாக்டர் பொதுவாக, "அட்ரினலின் போடுங்க" என்றார். நாங்கள் மூன்று பேர். இன்னொருத்தி போடுவாள் என்று மூவரும் நின்றோம். பொம்மை செத்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

இனிமேல் பேர் சொல்லித்தான் கேட்க வேண்டுமாம். அந்தப் பேர்க்காரர், "அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையில்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். போட்டதும், "போட்டாச்சு, 9.42" என்று சத்தமாக. அப்புறம் போனில் டாக்டரைக் கூப்பிட்டால் எஸ்பார்: இப்போதைய நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்த முறையாம்.

செப்டம்பர் 13
டெனரிஃப் தீவு விமானங்களின் கதை சொன்னார்கள். 1977, ஓடுபாதையில் மோதி 583 பேர் போனார்கள். பனிமூட்டம். எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டிருக்கிறார். கேப்டன் விலகியாச்சு என்றார். இன்ஜினியர் அதோடு விட்டுவிட்டார்.

அன்று நைட் நானும் "சார்..." என்றேன். "அப்புறம் சிஸ்டர்" என்றார் டாக்டர்.

செப்டம்பர் 14
"எங்க ஊட்டுக்காரருக்கு அந்த ஊசி ஒத்துக்காதுங் கண்ணு, போன தடவ மேலெல்லாம் தடிச்சுப் போச்சு." மூன்றாம் நம்பர் பெட்காரரின் சம்சாரம், அன்று நைட் வாசலிலேயே சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.

செப்டம்பர் 15
டாக்டரைத் தடுக்க மூன்று படி சொல்லித் தந்தார்கள். கவலையாக இருக்கிறது; மனசு ஒப்பவில்லை; நோயாளிக்கு ஆபத்து, நிறுத்துங்க. எனக்கு மூன்றாவது வாயில் வரவில்லை. "கொஞ்சம் நிறுத்திக்கிறீங்களாங் சார்" என்றேன். கோபிக்கார அக்கா, "ஏனம்மிணி, கடன் கேக்கற மாதிரி கேக்கற?" என்றாள். ஊரே சிரித்தாலும் அது நிஜம். எங்கள் 'ங்க'வில் ஆபத்துகூட விண்ணப்பமாகிவிடுகிறது. ஆனால் "நிறுத்துங்க சார், அலர்ஜி" என்பதிலும் ஒரு 'ங்க' இருக்கத்தானே செய்கிறது? மூன்று சொல். பஸ்ஸில் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தேன்.

செப்டம்பர் 16
ஐ.சி.யு. வாசலில் அந்தம்மா. "சாப்ட்டயா கண்ணு?" என்றார்.

செப்டம்பர் 17
நோயாளி பாதுகாப்பு தினம். வராண்டாவில் பலூன். புரட்டாசி பிறந்துவிட்டது, மெஸ்ஸில் கறி கிடையாது. பலூன் கட்டச் சொன்னார்கள், கட்டினேன்.

செப்டம்பர் 19
ட்யூப் எடுத்துவிட்டார்களாம். ஆளைத் தெரிகிறதாம், பேச்சு வரவில்லையாம். அந்தம்மாவிடம் சொல்ல வேண்டும், நான் கேட்டேன், கேட்டும் "சார்" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை என்று. ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருக்கிறது. லிஃப்டுக்குப் போகாமல் படியில் ஏறினால்